13.03 ஏன் சாதனையாகவில்லை?

2022 அக்டோபர் 17. பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் தேசிய ஓப்பன் தடகளப் போட்டி. மகளிர் 100 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தை விசாகப்பட்டினத்து ஜோதி யாராஜி 12.82 நொடியில் முடித்தார். இந்தியப் பெண் ஒருவர் இந்த ஓட்டத்தில் 13 நொடிக்குள் வந்ததைச் சாதனை ஏடு ஏற்றுக்கொண்டது அதுவே முதல் தடவை.

இந்த இடத்தில் செய்தி படிக்கிறவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். அதற்குச் சில நாள் முன்புதான் குஜராத்தில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில் ஜோதி 12.79 ஓடினார் என்று செய்தி வந்தது. 12.82-ஐவிட அது வேகம் அல்லவா? 2020-லேயே 13.03 ஓடியவர், 2022 மே மாதம் சைப்ரஸில் 13.23 ஓடியபோது அதைத் தேசிய சாதனை என்று எல்லோரும் கொண்டாடினார்களே, எப்படி? வேகம் குறைந்த ஓட்டம் சாதனை, வேகம் கூடிய ஓட்டம் வெறும் செய்தி என்றால் கணக்கில் ஏதோ கோளாறு என்றுதான் தோன்றும். கணக்கில் கோளாறு இல்லை. ஆனால் வேறோர் இடத்தில் உண்டு. அது எந்த இடம் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

முதலில் ஓட்டத்தைத் தெரிந்துகொள்வோம். நூறு மீட்டரில் பத்துத் தடைகள். ஒவ்வொன்றின் உயரமும் 83.8 சென்டிமீட்டர். புறப்படும் கோட்டிலிருந்து 13 மீட்டரில் முதல் தடை, பிறகு 8.5 மீட்டருக்கு ஒன்று, கடைசித் தடையிலிருந்து முடிவுக்கோடு 10.5 மீட்டர். முதல் தடைக்குள் பெரும்பாலானோர் எட்டு அடி வைக்கிறார்கள். அதன்பின் இரண்டு தடைகளுக்கு நடுவே மூன்றே அடி; அதற்கு மேலும் கூடாது, குறையவும் கூடாது. மூன்றாவது அடி கொஞ்சம் முன்னே விழுந்தால் தடைக்கு மிக நெருக்கமாகிக் கால் இடிக்கும். கொஞ்சம் பின்னே விழுந்தால் எட்டிப் பாய வேண்டி வந்து வேகம் போகும். தடையில் இடிப்பது குற்றமல்ல. தடை சாய்ந்துவிடும், ஓட்டம் தொடரும், ஆனால் இடித்த காலில் தாளம் தப்பும். பதின்மூன்று நொடிக்குள் பத்து முறை இந்தத் தாளத்தைக் காப்பாற்ற வேண்டும். ஆகவே இந்த ஓட்டத்தில் ஒரு நொடியின் நூறில் ஒரு பங்குகூடச் சும்மா கிடைப்பதில்லை.

இந்தியாவில் இந்த ஓட்டத்தின் தேசிய சாதனை இருபது ஆண்டுகள் அசையாமல் இருந்தது. ஒடிசாவின் அனுராதா பிஸ்வால் 2002 ஆகஸ்டில் டெல்லியில் ஓடிய 13.38 நொடிதான் அது.

ஜோதியின் தந்தை சூரியநாராயணா தனியார் நிறுவனக் காவலாளி. தாயார் குமாரி மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்த்தவர். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் பெண்ணின் உயரத்தைக் கவனித்துத் தடை தாண்டும் ஓட்டத்துக்குத் திருப்பிவிட்டார். அங்கிருந்து ஹைதராபாத்தில் இந்திய விளையாட்டு ஆணைய மையம், பயிற்சியாளர் என். ரமேஷ், பிறகு புவனேஸ்வரத்தில் பிரிட்டன்காரர் ஜேம்ஸ் ஹில்லியர். வழி சுருக்கமாகச் சொல்லக்கூடியதுதான், ஆனால் நடப்பதற்கு நீண்டது.

2020 ஜனவரியில், இருபது வயதில், கர்நாடகத்தின் மூடபித்ரியில் நடந்த அகில இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான தடகளப் போட்டியில் அவர் 13.03 ஓடினார். தேசிய சாதனையைவிட 0.35 நொடி குறைவு. இதைத் தூரமாக மாற்றிப் பார்த்தால்தான் அளவு புரியும்: அனுராதாவின் 13.38 பக்கத்துப் பாதையில் ஓடியிருந்தால், ஜோதி முடிவுக்கோட்டைத் தொடும்போது அவர் இரண்டரை மீட்டருக்கும் மேல் பின்னால் இருந்திருப்பார். குறுந்தூர ஓட்டத்தில் ஒரு சாதனை இவ்வளவு பெரிய இடைவெளியில் முறிவது அபூர்வம்.

ஆனால் அது சாதனையாகப் பதியப்படவில்லை. காரணங்கள் இரண்டு. அந்தப் போட்டியில் ஜோதிக்குத் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையான நாடாவின் சோதனை நடக்கவில்லை. இந்தியத் தடகள சம்மேளனத்தின் தொழில்நுட்பப் பிரதிநிதியும் அங்கே இல்லை. இரண்டுமே ஓடிய பெண்ணின் கையில் இருந்த காரியங்கள் அல்ல.

சோதனை இல்லாவிட்டால் என்ன, அவர் மேல் யாருக்கும் சந்தேகம் இல்லையே என்று கேட்கலாம். ஊக்கமருந்துச் சோதனை என்றாலே குற்றவாளியைத் தேடுவது என்று நினைத்துப் பழகிவிட்டோம். அதன் வேலை பாதி அதுதான். மறுபாதி, நேர்மையாக ஓடியவருக்கு அதற்கான சான்றைக் கொடுப்பது. ஓட்டம் முடிந்ததும் அதிகாரி ஒருவர் வீராங்கனையிடம் வந்து தகவல் சொல்வார். அந்த நொடியிலிருந்து மாதிரி கொடுக்கும்வரை உடனிருப்பவர் கண்ணிலிருந்து அவர் விலக முடியாது. சிறுநீர் மாதிரி இரண்டு குப்பிகளில் பிரித்து முத்திரையிடப்படும். முதல் குப்பி ஆய்வுக்கு. அதில் ஏதும் தென்பட்டு வீராங்கனை மறுத்தால் இரண்டாவது குப்பி திறக்கப்படும். இதையெல்லாம் அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம் என்றால் நடக்காது. பல மருந்துகள் சில நாளில் உடலைவிட்டுப் போய்விடும். அன்றைய ஓட்டத்துக்கு அன்றைய மாதிரிதான் சாட்சி. மூடபித்ரியில் அந்தச் சாட்சி எடுக்கப்படவில்லை, இனி எடுக்கவும் முடியாது.

இந்த விதி வேண்டியதா? வேண்டியதுதான். கர்நாடகமே இதற்கு ஓர் உதாரணம் வைத்திருக்கிறது. உடுப்பி மாவட்டத்தின் அஸ்வினி அக்குஞ்சி 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்திலும் தொடர் ஓட்டத்திலும் தங்கம் வென்றவர். மறு ஆண்டே ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார். அவருடன் தேசிய முகாமின் வேறு சில ஓட்டக்காரர்களும் சிக்கினார்கள். பயிற்சியாளர் கொடுத்த சத்து மருந்தில் கலப்படம் இருந்தது என்பது அவர்கள் தரப்பு வாதம். முதலில் ஓராண்டாக இருந்த தடை, சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்தில் இரண்டு ஆண்டாக உயர்ந்தது. அவர்கள் தெரிந்து செய்தார்களா என்று தீர்ப்புச் சொல்வது இங்கே நோக்கமல்ல. முகாமுக்குள் இருக்கும் வீராங்கனைகளுக்கே தாங்கள் விழுங்குவது என்னவென்று உறுதியாகத் தெரியாத நாட்டில் சோதனையைத் தளர்த்த முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அண்மைய எண்களும் அதையே சொல்கின்றன. உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி இந்தியாவில் எடுத்த 3,865 மாதிரிகளில் 125-இல் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தது, நூற்றுக்கு 3.2. அடுத்த ஆண்டு 5,606 மாதிரிகளில் 213. அதிகம் சோதிக்கும் நாடுகளில் இவ்வளவு உயர்ந்த விகிதம் நம்முடையதுதான். 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டிக்கு நாடா அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஆடவர் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் ஒரே ஒருவர்தான் ஓடினார். மற்றவர்கள் வரவே இல்லை. மாநில, பல்கலைக்கழக அளவுப் போட்டிகளுக்கு அதிகாரிகள் அபூர்வமாக வருவதால் விளையும் கேடு இது. தப்பு செய்கிறவர் தப்பித்துப் போகிறார். செய்யாதவரிடம் அதைக் காட்டுவதற்குச் சான்று இல்லை. மூடபித்ரியில் ஜோதிக்கு நேர்ந்தது இந்த இரண்டாவது.

இனி காற்றுக்கு வருவோம். 2022 ஏப்ரலில் ஃபெடரேஷன் கோப்பைப் போட்டி கோழிக்கோடு பல்கலைக்கழக மைதானத்தில் நடந்தது. அங்கே ஜோதி 13.09 ஓடித் தங்கம் வென்றார். பழைய சாதனையைவிட மிகக் குறைவு. பிரதிநிதி இருந்தார், எல்லா ஏற்பாடும் இருந்தது. ஆனால் காற்றுமானி +2.1 என்று காட்டியது. அனுமதிக்கப்பட்ட அளவு 2.0.

குறுந்தூர ஓட்டங்களிலும் நீளம் தாண்டுதல், மும்முறைத் தாண்டுதலிலும் முதுகுக்குப் பின்னாலிருந்து வீசும் காற்று நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் போனால் அந்த நேரமோ தூரமோ சாதனைக்குச் சேராது. 1936-லிருந்து உலகத் தடகள அமைப்பு கடைப்பிடிக்கும் எல்லை இது. நொடிக்கு 2 மீட்டர் என்பது மணிக்கு 7.2 கிலோமீட்டர், மரத்தின் இலை சலசலக்கும் காற்று. 100 மீட்டர் ஓட்டத்தில் இந்த அளவுக் காற்றே சுமார் பத்தில் ஒரு பங்கு நொடியை மிச்சப்படுத்தித் தந்துவிடும். முடிவுக்கோட்டுக்கு 50 மீட்டர் முன்னால், பாதையிலிருந்து 2 மீட்டருக்குள், 1.22 மீட்டர் உயரத்தில் காற்றுமானியை வைப்பார்கள். தடை தாண்டும் ஓட்டத்தில் துப்பாக்கி வெடித்ததிலிருந்து 13 நொடி அளந்து சராசரி எடுப்பார்கள். அந்தச் சராசரியை எப்போதும் மேல்நோக்கியே முழுமையாக்க வேண்டும் என்பது விதி. 2.03 வந்தால் 2.1 என்று எழுத வேண்டுமே தவிர 2.0 என்று அல்ல. ஆகவே கோழிக்கோட்டில் காற்று எல்லையைத் தாண்டியது இம்மியளவாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் இம்மியை மன்னித்தால் அடுத்த இம்மியையும் மன்னிக்க வேண்டிவரும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். காற்று கூடினால் அடிபடுவது சாதனை மட்டும்தான், வெற்றி அல்ல. எட்டுப் பேருக்கும் ஒரே காற்றுதான் வீசியது. எனவே தங்கம் தங்கமே. நேரமும் பொய்யல்ல, கடிகாரம் காட்டியது உண்மையான நேரம். வேறொரு நாளில், வேறொரு ஊரில் ஓடியவரோடு அதை ஒப்பிட முடியாது, அவ்வளவே. குஜராத்தில் வந்த 12.79-க்கும் இதே கதை. அன்று காற்று +2.5. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தடை தாண்டுகிறவருக்குப் பின்காற்று முழுக்க நண்பன் அல்ல. பழகிய மூன்று அடியைக் காற்று நீட்டிவிட்டால் தடை எதிர்பார்த்ததற்கு முன்பே கண்முன் வந்து நிற்கும். அன்று அதைச் சமாளித்து 12.79 ஓடியதே திறமைதான். ஆனாலும் ஏட்டில் ஏறாது.

2022 மே 10 அன்று சைப்ரஸின் லிமசோலில் 13.23. எல்லாம் சரியாக இருந்தது; இருபது ஆண்டுச் சாதனை அங்கேதான் முறிந்தது. அதே மாதத்தில் இங்கிலாந்தின் லஃப்பரோவில் 13.11, நெதர்லாந்தின் வுக்ட் நகரில் 13.04. அந்த 13.04 எண்ணைக் கவனியுங்கள். மூடபித்ரியில் ஏட்டில் ஏறாமல் போன 13.03-ஐவிட அது ஒரு புள்ளி மெதுவானது. அதாவது, இருபது வயதுப் பெண் கர்நாடகத்தில் ஏற்கெனவே ஓடிக்காட்டிய நேரத்தைச் சாதனை ஏடு எட்டிப் பிடிக்கவே இரண்டே முக்கால் ஆண்டு ஆயிற்று. அது நடந்த இடமும் அதே கர்நாடகம், பெங்களூரு.

கண்டீரவாவில் அன்று காற்று +0.9. எல்லைக்குப் பாதிக்கும் கீழே. பெங்களூரு உயரமான ஊர், காற்று மெல்லியது, அதனால் வேகம் வந்திருக்கும் என்று சிலர் சொல்வதுண்டு. ஊரின் உயரம் சுமார் 920 மீட்டர். 1,000 மீட்டருக்கு மேல் நடந்த ஓட்டங்களுக்குத்தான் புள்ளிவிவரக்காரர்கள் தனி அடையாளம் போடுவார்கள். அப்போதும் சாதனை செல்லும். எந்த வகையில் பார்த்தாலும் 12.82 சுத்தமான ஓட்டம். மூடபித்ரிக்கும் பெங்களூருக்கும் நடுவில் ஜோதி வளர்ந்தார் என்பது உண்மை. ஆனால் ஏட்டைப் பொறுத்தவரை இரண்டு ஊருக்கும் உள்ள வேறுபாடு ஓட்டக்காரரிடம் இல்லை. ஓர் ஊரில் இருக்க வேண்டியவர்கள் இருந்தார்கள், இன்னோர் ஊரில் இல்லை. முதலில் சொன்ன கோளாறு இதுதான்.

ஜப்பானைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். அங்கேயும் இதே ஓட்டத்தில் 13 நொடி ஒரு மதிலாகவே நின்றது. இவோன் கனசவா 2000-இல் ஓடிய சரியான 13.00 பத்தொன்பது ஆண்டு ஜப்பான் சாதனையாக இருந்தது. அதை முறித்தவர் அசுகா தெராடா. 1990-இல் சப்போரோவில் பிறந்தவர். 2008, 2009, 2010 என மூன்று ஆண்டு தொடர்ந்து தேசியப் பட்டம் வென்றார். பிறகு காயங்களும் உடல்நலக் குறைவும் சேர்ந்து 2013-இல், இருபத்து மூன்று வயதில், ஓட்டத்தை விட்டார். கல்யாணம் செய்துகொண்டார், மறு ஆண்டு மகள் பிறந்தாள். அதன்பின் யாரும் எதிர்பாராத விதமாக ஏழு பேர் ஆடும் ரக்பிக்குப் போனார். அங்கே கால் முறிந்தது. அதையும் விட்டுவிட்டு மறுபடி தடகளத்துக்கு வந்தார். ஏறத்தாழ ஆறு ஆண்டு ஓடாதவர், குழந்தை பெற்றவர், எலும்பு முறிந்தவர். திரும்பி வந்த முதல் பருவத்திலேயே, 2019 ஆகஸ்டில் கனசவாவின் 13.00-ஐச் சமன்செய்து, செப்டம்பர் 1 அன்று 12.97 ஓடினார். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் அரையிறுதி வரை போனார். இந்த ஓட்டத்தில் சிட்னிக்குப் பிறகு ஜப்பான் பெண் அங்கே போனது அதுவே முதல் முறை.

அந்த 12.97 வந்த இடம் உலகக் கோப்பையோ ஆசியப் போட்டியோ அல்ல. புஜி மலை அடிவாரத்தில் நடந்த ஓர் உள்நாட்டுப் போட்டி. அப்படி ஓர் இடத்தில் ஓடிய நேரமும் மறுபேச்சில்லாமல் தேசிய ஏட்டில் ஏறியது. சாதனை எந்த ஊரில் எந்த நாளில் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. எங்கே வந்தாலும் அதைப் பிடித்து எழுத ஆள் இருக்க வேண்டும் என்பதை அங்கே வழக்கமாக்கி வைத்திருக்கிறார்கள். மதிலில் ஒருவர் ஏறியதும் மசுமி ஆவோகி, மாகோ ஃபுகுபே என்று அடுத்தடுத்து ஏறினார்கள். ஃபுகுபே 2024-இல் 12.69 வரை இறக்கிவிட்டார். முன்னால் ஓடியவரின் நேரம் ஏட்டில் இருந்தால்தானே பின்னால் வருகிறவருக்கு அது இலக்காகும்? மூடபித்ரியின் 13.03 ஏட்டில் இருந்திருந்தால் நம் நாட்டுக் கல்லூரிப் பெண்களும் இரண்டு ஆண்டு முன்பே 13.38-ஐ மறந்துவிட்டு அதைத் துரத்தத் தொடங்கியிருப்பார்கள். எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இந்த இழப்புதான்.

தெராடாவும் ஜோதியும் 2023 ஜூலையில் பாங்காக் ஆசியத் தடகளப் போட்டியில் நேருக்கு நேர் ஓடினார்கள். மழையில் நனைந்த பாதை. ஜோதி 13.09, தெராடா 13.13, ஆவோகி 13.26. ஆசியத் தடகளப் போட்டியில் இந்த ஓட்டத்தில் இந்தியா வென்ற முதல் தங்கம் அது. அடுத்த மாதம் செங்டுவில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டில் ஜோதி 12.78 ஓடி வெண்கலம் வென்றார். அதுவும் பல்கலைக்கழகப் போட்டிதான். ஆனால் அங்கே அது சாதனையாகப் பதிவானது.

அதன்பின் வந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் விதி அவருக்குத் துணை நின்ற கதை நடந்தது. பக்கத்துப் பாதையில் இருந்த சீனாவின் வூ யானி துப்பாக்கிக்கு முன்பே கிளம்பினார். அதைக் கண்டு அசைந்த ஜோதியையும் சேர்த்து வெளியேறச் சொன்னார்கள். ஜோதி நகரவில்லை, பதிவைப் பாருங்கள் என்று நின்றார். இருவரையும் எதிர்ப்புக்கு உட்பட்டு ஓட விட்டார்கள். ஓட்டத்துக்குப் பிறகு வூ தகுதி நீக்கம் செய்யப்பட, 12.91-இல் மூன்றாவதாக வந்த ஜோதிக்கு வெள்ளி கிடைத்தது. விதியைத் தெரிந்துவைத்திருந்ததால் அவர் நின்றார், கேமராப் பதிவு இருந்ததால் நின்றதற்குப் பலன் கிடைத்தது.

நூறில் ஒரு பங்கு நொடி என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு மூன்று எண்கள். 2024 மே மாதம் ஃபின்லாந்தில் ஜோதி மறுபடி 12.78 ஓடினார், பாரிஸ் ஒலிம்பிக்கின் நேரடித் தகுதி 12.77. அந்த ஒரு புள்ளிக்காக உலகத் தரவரிசை வழியாகத்தான் பாரிஸ் போக முடிந்தது. இந்த ஓட்டத்தில் ஒலிம்பிக் சென்ற முதல் இந்தியர் அவரே. 1984 லாஸ் ஏஞ்சலிஸில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் 55.42 ஓடி வெண்கலத்தை இழந்ததும் அதே ஒரு புள்ளியில்தான். அந்த 55.42-ஐ முப்பத்தொன்பது ஆண்டுக்குப் பிறகு, 2023-இல் ஹாங்சோவில் சமன்செய்தவர் கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ். சில வாரம் முன்பு சண்டிகரில் அவர் ஓடியது 55.43. புள்ளி இவ்வளவு பேசும் விளையாட்டில், முழுசாக 0.35 நொடியைப் பதியாமல் விட்டோம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

2025 மே மாதம் தென்கொரியாவின் குமியில் ஜோதி 12.96 ஓடி ஆசியப் பட்டத்தைத் தக்கவைத்தார். அது அந்தப் போட்டியின் புதிய சாதனை. அதன்பின் பயிற்சியில் முழங்கால் தசைநார் கிழிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். தடகளத்தில் ஓர் உடல் உச்சத்தில் இருக்கும் காலம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்ச காலத்தில் ஓடிய ஒவ்வோர் ஓட்டத்துக்கும் விலை உண்டு.

மூடபித்ரி விதி தப்பு என்று நான் சொல்லவில்லை. சோதனை இல்லாத ஓட்டத்தைச் சாதனையாக ஏற்காதது சரி. தப்பு, சோதனை இல்லாமல் அப்படி ஒரு போட்டியை நடத்தியது. நாட்டின் எல்லாப் பல்கலைக்கழகங்களும் கூடும் போட்டி ஒலிம்பிக் செல்லப்போகிறவர்களின் முதல் பெரிய மேடை. அங்கே நாடா அதிகாரியும் சம்மேளனப் பிரதிநிதியும் இருப்பதைப் போட்டி நடத்துவதற்கான நிபந்தனையாகவே வைக்க வேண்டும். இல்லையென்றால் அனுமதி தரக்கூடாது. செலவு என்பார்கள். மேடை அலங்காரத்துக்கும் தொடக்க விழாவுக்கும் ஆகும் பணத்தோடு ஒப்பிட்டால் சரிபார்த்த காற்றுமானிக்கும் சில அதிகாரிகளின் பயணத்துக்கும் ஆவது பெரிதல்ல.

தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் பல்கலைக்கழக விளையாட்டுத் துறைகளில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடகளப் போட்டிக்குத் தேதி குறித்த அன்றே நாடாவுக்கும் சம்மேளனத்துக்கும் கடிதம் எழுதுங்கள், பதில் வரும்வரை விடாதீர்கள். பிள்ளைகளை ஓட அனுப்பும் பெற்றோரும் பயிற்சியாளர்களும் போட்டிக்கு முன்பே கேளுங்கள்: இங்கே காற்றுமானி இருக்கிறதா, மாதிரி எடுக்க ஆள் வருகிறாரா? கேட்பது உங்கள் உரிமை.